பதுங்குகுழியின் மறுபக்கம்

யுத்த இலக்கியம் என்றதும் நாம் நாவலையும் கவிதையையுமே எடுத்துக்கொள்கிறோம். களத்திலே சிப்பாய்களின் வாய்மொழியைத் திரட்டி நூதனசாலைக்குக் கொண்டுசேர்த்தவர்களின் எழுத்தையும் இலக்கியமாகவே வாசிக்க வேண்டும் என்பது எனது நிலைப்பாடு. அவ்வகையில் சாள்ஸ் பீன் எழுதிய 'கலிபோலி மிஷன்' (1948) நம்மவர் கவனத்திற்கு வரவேண்டிய நூலாகும்.

பீன் அவுஸ்திரேலியப் பத்திரிகையாளர். 1915 ஏப்ரல் 25இல் படையினரோடு கலிபோலியில் இறங்கியவர். ஓகஸ்டில் காலில் குண்டு பாய்ந்தபோதும் களத்தை விட்டுப் போகவில்லை. பதுங்குகுழிகளில் சிப்பாய்கள் சொன்னவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டார். 1941இல் கன்பராவில் திறக்கப்பட்ட யுத்த ஞாபகார்த்த நூதனசாலையின் மூலகர்த்தாவும் அவரே.

1919இன் தொடக்கத்தில் பீன் ஒரு சிறு குழுவோடு மீண்டும் கலிபோலிக்குச் செல்கிறார். நூதனசாலைக்குப் பொருட்கள் சேகரிப்பது ஒரு நோக்கம். புதைக்கப்படாத எலும்புகள் அப்போதும் அங்கே கிடந்தன. நூலின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. 57ஆம் ரெஜிமென்டின் முதலாம் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கிய துருக்கிய மேஜர் ஸெகி பேயை அழைத்துக்கொண்டு பீன் மேடு மேடாக நடக்கிறார். அன்று எங்கே நின்றீர்கள், எதைக் கண்டீர்கள் என்று கேட்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரு தரப்பார் அதே மண்ணில் நின்று கணக்குப் பார்க்கின்றனர். எதிரியின் சொல்லையும் சான்றாக ஏற்ற இந்த நேர்மைக்காகவே பீனை நான் மதிக்கிறேன்.

ஆயினும் ஸெகி பேயின் நிலையை நாம் மறந்துவிடலாகாது. கலிபோலியில் வென்றது அவரது தரப்பு. முழு யுத்தத்தில் தோற்றதும் அவரது தரப்பே. நேச நாட்டுப் படைகள் இஸ்தான்பூலில் நிலைகொண்டிருந்த வேளையில் அவர் பேசுகிறார். வென்ற களத்தைத் தோற்றவராக விளக்க வேண்டிய நிலை. அந்த மனிதர் எதைச் சொல்லாமல் விட்டிருப்பார் என்ற கேள்வி பீனைப் பெரிதாக உறுத்தியதாகத் தெரியவில்லை.

பீனின் கத்தரிக்கோலையும் இங்கு சொல்லியாக வேண்டும். சிப்பாய்களின் ஆக்கங்களைக் களத்திலேயே சேகரித்து 'த அன்சாக் புக்' என்ற தொகுப்பை 1916இல் அவர் வெளியிட்டார். அச்சமும் சலிப்பும் கோரமும் தெரிந்த ஆக்கங்களை அவர் ஒதுக்கிவிட்டார் என்பதை, நிராகரிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்த டேவிட் கென்ட் 1985இல் எடுத்துக்காட்டினார். வீரன் சிரித்தபடி துன்பம் தாங்குகிறான் என்ற படிமம் இப்படித்தான் திரண்டது. தொகுப்பாசிரியர்களாக இருக்கும் நம்மில் சிலருக்கும் இந்தக் கத்தரிக்கோல் பரிச்சயமானதே! ஒன்று மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்லலாம்: தான் ஒதுக்கியவற்றை அவர் எரித்துவிடவில்லை. அதனாற்றான் கென்ட்டால் அவரைக் குற்றஞ்சாட்ட முடிந்தது.

எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. முஸ்தபா கமாலின் 19ஆம் டிவிஷனில் 72ஆம், 77ஆம் ரெஜிமென்டுகளில் பெரும்பாலோர் அரபுகள். ஸெகி பேயின் குரல் ஓர் அதிகாரியின் குரல். அந்த அரபுச் சிப்பாயின் குரலாக அதைக் கொள்ள முடியாது. இந்தப் பக்கத்திலும் இதே கதைதான். பிரித்தானியரின் மலைப் பீரங்கிப் படையில் பஞ்சாபி முஸ்லிம்கள் இருந்தனர். 1914 நவம்பரில் உஸ்மானிய கலீபா ஜிஹாத் பிரகடனம் செய்திருந்தார். பஞ்சாபி முஸ்லிம்கள் துருக்கியரை எதிர்த்துப் போரிடுவார்களா என்ற சந்தேகத்தால் 69ஆம், 89ஆம் பஞ்சாபி பட்டாலியன்கள் 1915 மே மாதம் கலிபோலியிலிருந்து விலக்கப்பட்டன. மலைப் பீரங்கிக்காரர்களோ தங்கிப் போரிட்டனர். (இலங்கையிலிருந்து சென்ற தோட்டத்துரைமார் படைப்பிரிவு ஜெனரல் பேர்ட்வுட்டிற்குக் காவல் நின்றது தனிக்கதை.)

சந்தேகிக்கப்பட்டு அனுப்பப்பட்டவனும், கலீபாவின் படைக்கு எதிராகப் பீரங்கிக்குக் குண்டு சுமந்தவனும் அவ்விரவுகளில் தமக்குள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? ஸெகி பேயோடு அத்தனை மேடுகள் ஏறி இறங்கிய பீனின் நூலில் அதற்கு விடை இல்லை.