அசலாவது தேறுமா?

சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்கு இன்டர்வியூ கிளம்பும் பிள்ளைகள் பலர் நம்பி வாங்குவது 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' கைடுகளைத்தான். புரட்டிப் பாருங்கள்... 'ஒரே உச்சரிப்பு, வேறு பொருள்' என்று ஒரு அத்தியாயம் இருக்கும். இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் ஒரு சொல். மனப்பாடம் பண்ணு!

ஒரு சந்தேகம் சார். ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களைப் பேசும்போது எப்படித் தப்பாகச் சொல்ல முடியும்? குழப்பம் வருவது எழுதும்போதுதான். அது ஸ்பெல்லிங் பாடம். ஸ்போக்கனுக்கு அங்கே என்ன வேலை?

பேச்சுக்கு வேண்டியது வேறு பட்டியல். ஆங்கிலத்தில் தனித்தனியாக ஒலித்து, நம்ம நாக்கில் ஒன்றாகிவிடும் சொற்கள். முதுகும் 'பேக்', பையும் 'பேக்'. மேற்கும் 'வெஸ்ட்', பனியனும் 'வெஸ்ட்'. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புலிக்கும் புளிக்கும் வித்தியாசம் சொல்ல வெள்ளைக்காரரும்தான் திணறுவார். ஆனால், இந்தப் பயிற்சி கைடில் எத்தனை பக்கம்? தேடிப் பாருங்கள்.

சரி, ஸ்பெல்லிங்கையாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா? 'ஸ்டேஷனரி'... 'ஏ' போட்டால் அசையாமல் நிற்பது, 'இ' போட்டால் பேப்பர், பேனா. அவ்வளவுதான். ஏன் என்று கேட்கக் கூடாது! இரண்டுக்கும் வேர் ஒரே லத்தீன் சொல். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக அலையாமல், ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் 'ஸ்டேஷனர்'. அந்தப் பெயரின் கடைசியில் 'இ-ஆர்'. அவர் கடைச் சரக்கிலும் அதே 'இ-ஆர்'. கதை தெரிந்தால் மறக்குமா?

பி.காம். படித்தவர்களுக்கு 'பிரின்சிபல்' என்றால் வட்டிக் கணக்கின் அசல். கல்லூரித் தலைவருக்கும் அதே ஸ்பெல்லிங். தமிழிலும் அப்படித்தானே? கடைக்குப் போடுவது முதல், கல்லூரியை நடத்துபவர் முதல்வர்! கொள்கையைச் சொல்லும் 'பிரின்சிபிள்' மட்டும் தனி ஸ்பெல்லிங். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் நம்ம பிள்ளைக்குப் புரியாதா என்ன?

விளையாட்டாகச் சொல்லவில்லை. மெயிலில் 'அக்செப்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'எக்செப்ட்' விழுந்தால், ஏற்றுக்கொண்டது விலக்கியதாகிவிடும். சொல்லை மட்டும் பார்க்கிற ஸ்பெல் செக்கர் இதைக் கண்டுகொள்ளாது. அதுவும் சரியான சொல்தானே! ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இப்படித் தடுமாறுகிறார்கள். அவர்கள் எழுதினால் கைத்தவறு. தமிழ் மீடியம் பிள்ளை எழுதினால் 'இங்கிலீஷ் வராது'!

அந்தப் பிள்ளைக்குப் பட்டியலை நீட்டுவது சுலபம். காரணம் சொல்வதுதான் கஷ்டம். காசு கொடுத்துக் கைடு வாங்குகிறவனுக்கு வட்டி வேண்டாம். அசலாவது தேற வேண்டாமா?