ஏரோ கண்ணாடித் தோற்றம்: ஒரு திறனாய்வு

ஏரோ கண்ணாடித் தோற்றம் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தில் அறிமுகமான சாளர அலங்காரம் ஆகும். 2007 சனவரியில் பொதுப் பயனர்களுக்கு வெளியான விஸ்டாவில், சாளரங்களின் தலைப்புப் பட்டையும் விளிம்புகளும் பனி படிந்த கண்ணாடி போலத் தோன்றின. பின்னாலிருக்கும் படமோ வேறொரு சாளரமோ அவற்றின் ஊடாக மங்கலாகத் தெரிந்தது.

எக்ஸ்பி பதிப்பின் அழுத்தமான நீலப் பட்டைகளைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு இது அழகாகவே இருந்தது. ஆனால் கண்ணாடியின் வேலை பின்னாலிருப்பதைக் காட்டுவது. ஏரோ அதைக் கலக்கித்தான் காட்டியது. கலக்காவிட்டால் தலைப்பின் எழுத்தும் பின்னாலுள்ள எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழும். கலக்கியும் போதவில்லை, கருப்புத் தலைப்பெழுத்துகளைச் சுற்றி வெண்ணிற ஒளி பூச வேண்டியிருந்தது. எழுத்தைப் படிக்க வைக்கவே தனியாக ஒரு பூச்சு தேவைப்படுகிறது என்றால் அடித்தளத்தில் குறை இருக்கிறது என்றே பொருள். சாளரத்தைத் திரை முழுதும் விரித்தால் விஸ்டா தானாகவே கண்ணாடியை விலக்கிப் பட்டையைக் கருமையாக்கிவிடும்.

இதற்குப் பின்னாலிருந்த நுட்பம் வேறு, அலங்காரம் வேறு. விஸ்டாவில் ஒவ்வொரு சாளரமும் தனி நினைவகப் பரப்பில் வரையப்பட்டு, பின்னர் வரைகலைச் செயலியின் உதவியால் ஒரே திரையாக இணைக்கப்பட்டது. சாளரத்தை நகர்த்தும்போது பின்னால் தடம் விழாமல் போனது இதனால்தான். இது உண்மையான முன்னேற்றம். கண்ணாடி இல்லாமலும் கிடைத்திருக்கும். கண்ணாடிக்கோ டைரக்ட்எக்ஸ் 9 ஆதரவுள்ள வரைகலைச் செயலி வேண்டும். விலை குறைந்த ஹோம் பேசிக் பதிப்பில் அது கிடையாது. விஸ்டாவுக்கு ஏற்றது என்ற ஒட்டுவில்லையுடன் விற்ற கணினிகள் சிலவற்றில் ஏரோ இயங்காததால் அமெரிக்காவில் வழக்கே நடந்தது.

ஒளிபுகு தன்மை பயன்பட்ட இடமும் உண்டு. 2009இல் வந்த விண்டோஸ் 7இல் திரையின் கீழ் வலது மூலையில் சுட்டியை வைத்தால், எல்லாச் சாளரங்களும் வெறும் சட்டங்களாகி மேசைத்தளம் தெரியும். பயனர் கேட்கும்போது மட்டும் வந்து, உடனே போய்விடும்.

2012இல் விண்டோஸ் 8 கண்ணாடிச் சட்டங்களைக் கைவிட்டது. விண்டோஸ் 10இல் அக்ரிலிக் என்ற பெயரில் ஒளிபுகு பரப்பு திரும்பியது. மின்கலச் சேமிப்பு நிலையில் அது நின்றுவிடும். விண்டோஸ் 11இன் மைக்கா இன்னும் ஒருபடி பின்வாங்கியது: பின்னாலுள்ள சாளரத்தைப் பார்ப்பதே இல்லை, மேசைத்தளப் படத்தின் சாயலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இப்படியிருக்க, 2025இல் ஆப்பிள் நிறுவனம் நீர்மக் கண்ணாடி என்று அதே பாதையில் இறங்கி, சில வாரங்களிலேயே அடர்த்தியைக் கூட்டும் தெரிவையும் தர நேர்ந்தது.

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற மாறுபாடு வேண்டும் என இணைய அணுகல் வழிகாட்டி கூறுகிறது. பின்புலம் நொடிக்கு நொடி மாறும் கண்ணாடியில் இந்த அளவை உறுதிசெய்வது கடினம். கண்புரை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் முதலில் மறைவது இந்த மாறுபாடுதான். விண்டோஸ் 11இல் அமைப்புகள், அணுகல்தன்மை, காட்சி விளைவுகள் எனச் சென்றால் ஒளிபுகு விளைவை நிறுத்தலாம். ஆனால் கணினி வாங்கும்போது அது இயங்கும் நிலையிலேயே வருகிறது. எழுத்து சரியாகத் தெரியாதவர்தான் அந்தச் சிறிய எழுத்துகளுக்குள் தேடிப்போய் நிறுத்த வேண்டியிருக்கிறது.