எச்சம் இல்லை, சரி. கிருமி?

ஆன்லைனில் வரும் கோழிக்கறி பாக்கெட்டில் 'ஆன்டிபயாட்டிக் எச்சம் இல்லாதது' என்று போடுகிறார்கள். பொய் இல்லைதான். ஆனா வாங்குறவங்க அதை 'கிருமி இல்லாதது' என்று படித்துக்கொள்கிறார்கள்.

மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்துக் கோழியை அறுத்தால் கறியில் எச்சம் வரம்புக்குள் வந்துவிடும். அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா கோழியின் குடலிலேயே இருக்கலாம். எச்சப் பரிசோதனையில் அது சிக்காது.

கொலிஸ்டின் என்பது மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் தரும் மருந்து. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணுவைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். அது பிளாஸ்மிடில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது (எங்க தொழில்ல ஒருத்தர் எழுதின கோடிங்கை இன்னொருத்தர் எடுத்துப் போட்டுக்கிற மாதிரி). 2017இல் சீனா கொலிஸ்டினைத் தீவனத்திலிருந்து நீக்கியது. பிறகு அந்த மரபணு நன்றாகவே குறைந்தது. இந்தியா 2019 ஜூலையில் கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கு அதைத் தடை செய்தது. நல்ல முடிவு.

ஆனால் தட்டுக்கு வரும் ஆபத்து வேறு. 2021 செப்டம்பரில் எங்கள் ஆரணியில் ஓட்டலில் அசைவம் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒரு சிறுமி இறந்தாள். மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லாவும் நன்றாக வெந்தால் செத்துவிடும். ஸ்டஃபிலோகாக்கஸ் விட்டுப்போகும் நஞ்சோ, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பாக்கெட்டில் பெரிய எழுத்தில் வர வேண்டியது இதுதான்: 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள், உள்சதை 75 டிகிரி தொடும்வரை வேகவையுங்கள், கறி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதில் வெங்காயம் நறுக்காதீர்கள்.