முதல் வரைவும் விகற்பமும்: பிக்மா விவகாரம் பற்றிய ஒரு நோக்கு

கணனித் திரைகளை வடிவமைப்போரிடையே இன்று பெருவழக்குப் பெற்றுள்ள கருவி பிக்மா ஆகும். 2024 யூன் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற தனது ஆண்டு மாநாட்டில் அந்நிறுவனம், வேண்டுவதைச் சில சொற்களிற் கூறினால் செயலியொன்றின் திரைகளை வரைந்து தரும் வசதியை அறிமுகஞ் செய்தது. சில நாள்களுள் அதனை நிறுத்தவேண்டியதாயிற்று. அன்டி அலன் என்னும் வடிவமைப்பாளர் வானிலைச் செயலி வேண்டுமென்று கேட்டபோது, அப்பிள் நிறுவனத்தின் வானிலைச் செயலியை ஏறத்தாழ ஒத்த திரைகளே கிடைத்தன. அவற்றை அவர் பொதுவில் வெளியிட்டார்.

இதனையொட்டி எழுந்த விவாதம் பெரிதும் களவு பற்றியதாகவே அமைந்தது. பிறர் வரைந்தவற்றைக் கொண்டு கருவி பயிற்றப்பட்டதா என வினவினர். நிறுவனத் தலைவர் டிலன் பீல்ட் அதனை மறுத்தார். மாநாட்டுக்குள் முடிக்குமாறு தாமே நெருக்கியதை ஒப்புக்கொண்டார். எனினும், பின்னர் நிறுவனம் தந்த விளக்கமே எமது கவனத்துக்குரியது. பிற நிறுவனங்களின் ஆயத்த மொழி மாதிரிகளே பயன்படுத்தப்பட்டன. பொத்தான், மாதிரித் திரை முதலான உறுப்புகளின் தொகுதி முன்னரே ஆக்குவித்து வைக்கப்பட்டிருந்தது. மாதிரி அவற்றுள் தெரிந்தெடுத்து, அடுக்கி, நிறமும் சொல்லும் ஏற்றியது, அவ்வளவே. மாநாட்டை அண்டிச் சேர்க்கப்பட்ட சில திரைகள் செம்மையாகச் சரிபார்க்கப்படாமையால் ஒப்புமை நேர்ந்தது.

ஆகவே, இயந்திரத்தின் கற்பனையைப் புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் அங்கு இல்லாத பொருளைப் பற்றியே பேசினர் எனலாம். நன்னூலார் வழிநூலைத் தாழ்வாகக் கருதியவரல்லர். முன்னோர் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்வந்தவன் தனது வேறுபாட்டையும் சேர்த்துரைப்பதே அவர் விதிக்கும் நிபந்தனை. அதனை அவர் விகற்பம் என்பர். பீல்ட் குறையெனக் கண்டதும் விகற்பமின்மையையே. ஆனால் உறுப்புகளின் தொகையைப் பெருக்கினால் விகற்பம் தோன்றிவிடுமா? தோன்றாது என்பதே எமது கருத்து.

வானிலைச் செயலியையே எடுத்துக்கொள்வோம். அப்பிளின் திரையில் ஊர்ப்பெயரின் கீழ் வெப்பநிலை பேரெழுத்தில் நிற்கின்றது. வீட்டைவிட்டுப் புறப்படும் நகரவாசிக்கு அது பொருந்தும். கடற்றொழிலாளிக்கோ காற்றின் வேகமும் திசையும் அலையின் உயரமுமே முதலில் வேண்டும். எது மேலே நிற்கவேண்டும் என்ற தீர்மானம் அழகியல் சார்ந்ததன்று. பயன்படுத்துவோனின் வாழ்நிலை சார்ந்தது. முன்னர், பென்சிலாற் பத்துத் தாள்களைக் கிறுக்கிக் கிழித்தெறியும் வேளையிலேயே அக்கேள்வி எழுந்தது. வரைதல் என்பது அங்கு சிந்தித்தலின் மறுபெயர். ஆக்கத்திறன் செயற்கை நுண்ணறிவு சுருக்குவது இவ்வேளையைத்தான். மிச்சப்படுவது காலம் மட்டுமன்று. (வரையத் தெரியாதோர்க்கு இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை.)

2024 செப்டெம்பரில் அவ்வசதி ‘முதல் வரைவு’ என்ற பொருள்படும் புதுப்பெயருடன் மீண்டும் வந்தது. பெயர் அடக்கமானது, பொருள் அவ்வாறில்லை. கைவரைவின் கரடுமுரடு, திருத்துக என்று காண்போரை அழைக்கும். நிழலும் நிறமும் பெற்று முற்றுப்பெற்றதுபோல் வரும் திரையோ ஒப்புதலையே வேண்டி நிற்கும். 2025 மே மாதம் அறிமுகமான பிக்மா மேக், திரையோடு இயங்கும் நிரலையும் ஆக்கித் தருகின்றது. தொட்டால் அசையும் அத்திரையை நடுவில் வைத்துக்கொண்டு, காற்று ஏன் மேலே இல்லை எனக் கூட்டத்தில் ஒருவர் வினவுவது முன்னிலும் அரிதாகும்.