மூலைவிட்டத்தில் ஓடும் ராஜா

வத்தேகம ஸ்டேஷனில், மழைக்கு ஒதுங்கிய பெஞ்சில், ஒரு பெரியவரும் பையனும் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாத்தளை ரயில் வரவில்லை. பலகையில் மிச்சம் ராஜாக்களும் ஓடுகிற ஒரு காலாளும்தான். பையன் விரல் நீட்டி எண்ணத் தொடங்கினான்.

“எண்ணாதீங்க தம்பி, சதுரத்தப் பாருங்க.”

காலாள் நிற்கும் கட்டத்தையும் சேர்த்துக் கடைசி வரிசை வரை எத்தனை கட்டமோ, துரத்தும் ராஜாவின் பக்கமாகவும் அத்தனை கட்டம் அளந்தால் ஒரு சதுரம். தன் முறையில் ராஜா அதற்குள் கால் வைத்துவிட்டால் காலாள் பிடிபடும். தொடக்க இடத்துக் காலாள் இரண்டு கட்டம் தாவும். நான் ஏமாறுவது அங்கேதான்.

இந்தக் கணக்கை 1921இல் செஸ் ஆட்டக்காரர் ரிச்சர்ட் ரேட்டி ஒரு புதிரில் தலைகீழாக்கினார். வெள்ளை ராஜா எச்8, காலாள் சி6; கறுப்பு ராஜா ஏ6, காலாள் எச்5. ஆட வேண்டியது வெள்ளை. சதுரத்துக்கு இரண்டு எட்டுப் பிந்திய ராஜா, பார்த்தால் பரிதாபம். அது ஜி7, எஃப்6, ஈ5 என்று சாய்வாக இறங்குகிறது. காகிதத்தில் மூலைவிட்டம் நீளம். ராஜாவுக்கோ நேரும் சாய்வும் ஒரே தூரம். அதனால் ஒவ்வோர் எட்டிலும் எதிரிக் காலாளின் சதுரத்தையும் தன் காலாளையும் சேர்த்தே நெருங்குகிறது. கறுப்பு ராஜா சி6ஐ வெட்டினால் வெள்ளை ராஜா எஃப்4. கறுப்புக் காலாள் ஓடினால் டி6. எப்படியும் சமன்.

பெரியவர் அதை அடுக்கிக் காட்டினார். ரயில் வந்தபோதும் பையன் ராஜாவை மறுபடி எச்8இல் வைத்துக்கொண்டிருந்தான்.