வளைந்த மட்டை, நேரான ஆட்டம்

ஐஸ் ஹாக்கியில் ‘ஃபேஸ்-ஆஃப்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு அணிகளின் சென்டர் ஆட்டக்காரர்களும் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். நடுவர் கையிலிருந்து ரப்பர் வட்டு விழும். யாருடைய மட்டை முந்துகிறதோ, ஆட்டம் அவர் பக்கம். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1960களில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணிக்காக அந்த இடத்தில் குனிந்து நின்றவர் ஸ்டான் மிகிட்டா. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். மோதித் தள்ளும் முரட்டு ஆட்டக்காரர்கள் நிறைந்த களத்தில் அவருடைய மூலதனம் கணிப்பு. வட்டு எங்கே இருக்கிறது என்பதைவிட, அடுத்து எங்கே வரப்போகிறது என்பதைப் பார்த்து ஆடியவர் அவர்.

அந்தப் பார்வை சிறுவயதிலேயே தொடங்கியது. 1940இல் ஸ்லோவாகியாவின் சொகோல்செ கிராமத்தில் ஸ்டானிஸ்லாவ் குவோத் என்ற பெயரில் பிறந்தார். நாடு கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் போன 1948இல், எட்டு வயதுப் பையனைப் பெற்றோர் கனடாவுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் செயின்ட் கேத்தரின்ஸ் நகரில் உறவினர்களான ஜோ, அன்னா மிகிட்டா தம்பதி அவரைத் தத்தெடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெருவில் ஹாக்கி ஆடும் பையன்களைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர்களோடு சேர்ந்து ஆடினார். ஆட்டத்தையும் மொழியையும் ஒரே தெருவில் கற்றார்.

எங்கிருந்தோ வந்தவன் என்ற ஏளனமும் கூடவே வந்தது. அதற்குக் கைகலப்பில் பதில் சொல்லிப் பழகியவர், அந்தக் கோபத்தோடுதான் தொழில்முறை ஆட்டத்துக்கும் வந்தார். 1961இல் சிகாகோ, வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவருக்கு வயது இருபது. 1964-65 பருவத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவரே. தவறுகளுக்குத் தண்டனையாக 154 நிமிடங்கள் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்தவரும் அவரே. அப்பா ஏன் அடிக்கடி தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்த அவருடைய சின்ன மகள் கேட்டதாகச் சொல்வார்கள்.

இரண்டே ஆண்டுகளில் கணக்கு தலைகீழானது. 1966-67 பருவம் முழுவதிலும் அவர் பெற்ற தண்டனை 12 நிமிடங்கள். புள்ளிகள் 97, அதில் கோல் 35, சக ஆட்டக்காரர்களுக்குக் கோல் அமைத்துக் கொடுத்தது (அசிஸ்ட்) 62. கோபத்தை விட்டார், கூர்மை குறையவில்லை, கூடியது. அந்தப் பருவத்தில் அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ், தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட், கண்ணிய ஆட்டத்துக்கான லேடி பிங் ஆகிய மூன்று விருதுகளும் அவருக்கே. அடுத்த பருவத்திலும் அதே மூன்று. ஒரே பருவத்தில் இம்மூன்றையும் பெற்றவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை.

மட்டை செய்யும் கைவினையிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு பயிற்சியின்போது அவருடைய மரமட்டையின் அடிப்பலகை விரிசல்விட்டு வளைந்துபோனது. வேறு மட்டை எடுக்கப் படியிறங்கிப் போக மனமில்லாமல், எரிச்சலில் அதைக் கொண்டே வட்டை ஓங்கி அடித்தார். சத்தமே வேறாக இருந்தது. வட்டு போன விதமும் வேறு. அதன்பின் அவரும் சக ஆட்டக்காரர் பாபி ஹல்லும் பலகையை நனைத்து, கதவிடுக்கில் செருகி வளைத்துப் பார்த்தார்கள். வாழைப்பழம்போல் வளைந்த அந்த மட்டையிலிருந்து கிளம்பிய வட்டு நடுவழியில் சட்டென்று தாழும், விலகும். முகக்கவசம் அணியாத கோல்காப்பாளர்கள் பலர் இருந்த காலம் அது. வளைவு எவ்வளவு இருக்கலாம் என்று லீக் அளவு விதிக்க வேண்டியதாயிற்று. இன்று கிட்டத்தட்ட எல்லா மட்டைகளும் வளைந்தவையே.

1972 செப்டம்பரில் சோவியத் அணியுடனான தொடர் முடிந்த கையோடு கனடா அணி பிராகாவில் செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஓர் ஆட்டம் ஆடியது. அன்று கனடாவின் கேப்டன் மிகிட்டா. பிறந்த நாட்டுக்கு எதிராக, வளர்த்த நாட்டின் சட்டையில் இறங்கிய அவரை அரங்கம் ஆரவாரத்தோடு வரவேற்றது. ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது.

1980இல் ஓய்வு பெறும்வரை 22 பருவங்களும் ஒரே அணி. 1,394 ஆட்டங்கள், 541 கோல்கள், 926 அசிஸ்ட்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்றுத்தரும் அமைப்பு ஒன்றை 1973இல் தொடங்கவும் துணைநின்றார். இந்த ஆட்டம் அவரிடம் கடும் விலையும் வாங்கியது. பலரும் வெறுந்தலையோடு ஆடிய காலத்திலேயே தலைக்கவசம் போட்டவர் அவர். ஆனாலும் 2018இல் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் வரும் சி.டி.இ. நோய் இருந்ததை உறுதி செய்தார்கள். அவரை ரசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அவருடைய ஆட்டங்களின் பழைய ஒளிப்பதிவுகள் கிடைத்தால் பாருங்கள். வட்டின் பின்னால் கண்ணை ஓடவிடாதீர்கள். 21ஆம் எண் சட்டையை மட்டும் தொடருங்கள். வட்டு தன்னிடம் இல்லாத நேரத்தில் அவர் எங்கே போய் நிற்கிறார் என்று கவனியுங்கள். அவருடைய கலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.