ஐயமும் கணக்கும்: தமிழ் மாற்று ஊடகங்களில் அதிகாரத்தின் மீதான நம்பிக்கையின்மை – காஞ்சிபுரம் மாவட்டத்தை முன்வைத்து

முன்னுரை

அரசையும் பெருநிறுவனங்களையும் நம்பாமை தமிழ் மாற்று ஊடகங்களின் பொதுக்குணமாகக் கருதப்படுகின்றது. இந்நம்பாமையை ஆதரிப்போர் அதனை விழிப்புணர்வு என்பர். மறுப்போர் அதனை வதந்தி என்பர். இவ்விரு முடிவுகளும் நம்பாமையை ஒற்றைப் பொருளாகக் கொள்கின்றன. அது ஒன்றன்று, ஒரே காணொலிக்குள்ளேயே அதன் இருவேறு வகைகள் கலந்து நிற்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்தறிவதே திறனாய்வின் பணி என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதற்கு உத்திரமேரூர், மானாம்பதி முதலிய ஊர்களைக் கொண்ட காஞ்சிபுரம் மாவட்டத்தின் அண்மைக்கால நிலச்சிக்கல்கள் களமாகக் கொள்ளப்படுகின்றன.

ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் இவ்வட்டாரத்து உழவருக்கு, நில அளவைக்கல் நடப்படுவதற்கு முன்பே அது குறித்த காணொலி கைப்பேசிக்கு வந்துவிடக் கூடும். தடுப்பூசி குறித்த அச்சுறுத்தலும் அதே கைப்பேசிக்கே வருகின்றது. இரண்டும் அதிகாரத்தை நம்பாதே என்றே சொல்கின்றன. எதனை ஏற்பது என்னும் வினா இங்குக் கோட்பாட்டு வினாவாக மட்டும் நிற்பதில்லை. நிலத்தையும் பிள்ளைகளின் உடல்நலத்தையும் பற்றிய வினாவாகின்றது.

ஐயுறவின் தமிழ் மரபு

அதிகாரத்தை ஐயுறுதல் தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம், ஆராயாமல் ஒருவரை நம்புவதையும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுவதையும் ஒருங்கே குற்றமாகக் காட்டுகின்றது. அரசன் ஆட்களைத் தேர்வது பற்றிய இவ்வறிவுரை, இன்று குடிமக்கள் ஆள்வோரைத் தேர்வதற்கும் பொருந்தும். ஐயம் ஆராய்ச்சியின் தொடக்கமாக இருக்க வேண்டுமேயன்றி அதன் முடிவாக இருத்தலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் அளவுகோல்.

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இவ்வையத்தை நிறுவன விதியாக்கின. 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியிழந்தனர். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. பதவியிலிருப்பவர் தவறக்கூடும் என்னும் முன்னெண்ணமே இவ்விதிகளுக்கு அடிப்படை.

எனினும், இக்கல்வெட்டுகளை மக்களாட்சியின் முழுவடிவமாகப் போற்றுவது பிழையாகும். அது பிரமதேயச் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனை, வேதக்கல்வி, 35 முதல் 70 வரையிலான வயது ஆகியவை தகுதிகளாக இருந்தன. உழுகுடிகளுக்கும் பெண்களுக்கும் அதில் குரலில்லை. கணக்குக் கேட்கும் உரிமை அனைவருக்கும் உரியதாகாதபோது, வெளியில் நிற்போரின் ஐயம் ஆவணத்தில் பதிவாவதில்லை. இன்றைய மாற்று ஊடகத்தின் நியாயம் இவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றது.

எண்வழிச்சாலை: ஒரே வழக்கில் இருவகை ஐயம்

2018-இல் முன்வைக்கப்பட்ட சென்னை–சேலம் எண்வழிப் பசுமைச்சாலை ஏறத்தாழ 277 கி.மீ. நீளமும் சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பீடும் கொண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் வழியாகவும் திட்டமிடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷ் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். எதிர்த்துப் பேசுவதே குற்றமாகும் சூழலில், இணையக் காணொலிகள் உழவர்களின் சொற்களைப் பதிவு செய்யும் இடமாயின.

அக்குரல்களில் மூன்று வகை ஐயங்கள் இருந்தன. முதலாவது, இழப்பீடு முடியும் முன்னரே வருவாய் ஆவணங்களில் நில உரிமை மாற்றப்படுகின்றது என்பது. இரண்டாவது, சுற்றுச்சூழல் அனுமதியின்றி நிலம் கையகப்படுத்தப்படுகின்றது என்பது. மூன்றாவது, கவுத்திமலை, வேடியப்பன்மலை, கஞ்சமலை ஆகியவற்றின் இரும்புத்தாதுவை நிறுவனங்களுக்குக் கொண்டுசெல்லவே இச்சாலை என்பது.

சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று நிலமெடுப்பு அறிவிக்கைகளை நீக்கியது. உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று, தொடக்க அறிவிக்கைக்கு முன்சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை எனக் கூறி அவ்வறிவிக்கைகளை ஏற்றது. ஆனால் வருவாய் ஆவணங்களில் செய்யப்பட்ட பெயர்மாற்றம் செல்லாது என்னும் நிலையை உறுதிசெய்தது. ஆக, முதல் ஐயம் நீதிமன்றத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டாவது, சட்ட விளக்கத்தில் தோற்றது. ஆயினும் ஆராயத்தக்க வாதமாகவே இருந்தது. மூன்றாவது, அனுமானமாகவே நின்றது. அம்மலைகளில் இரும்புத்தாது எடுக்கும் திட்டம் முன்பு இருந்தது உண்மை. சாலையின் நோக்கம் அதுவே என்பது அவ்வுண்மையிலிருந்து தானாகப் பெறப்படும் முடிவன்று.

மாற்று ஊடக விவாதங்களில் இம்மூன்றும் ஒரே உறுதியுடன் ஒலிக்கும்போது, பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் உழவரின் சான்றும் பேச்சாளரின் ஊகமும் ஒரே எடையைப் பெறுகின்றன. அதனால் இழப்படைவது ஊகமன்று, சான்றே. ஊகத்தை மறுக்கும் அரசுத்தரப்பு, அதனோடு சேர்த்துச் சான்றையும் ஒதுக்கிவிட வழி கிடைக்கின்றது.

ஐயம் நியாயமாகும் இடங்கள்

மாற்று ஊடகங்களின் ஐயம் வெறுங்கற்பனை என்போர் சில நிகழ்வுகளுக்கு விடையளிக்க வேண்டும். மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய கோவன் 2015 அக்டோபர் 30 அன்று தேசத்துரோகப் பிரிவின்கீழ்க் கைதானார். தூத்துக்குடியில் 2018 மே மாதம் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அடுத்து மூன்று மாவட்டங்களில் இணையச்சேவை நிறுத்தப்பட்டது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, காவல்துறை வரம்பு மீறியதாகக் கூறியது. துண்டிக்கப்பட்ட இணையத்தின் வழியே மக்கள் சொல்ல முயன்றது நான்காண்டுகளுக்குப்பின் அரசு ஆவணமாயிற்று.

பெருநிறுவனங்களுக்கும் கட்சிகளுக்கும் இடையிலான உறவும் இத்தகையதே. ஸ்டெர்லைட், சேசா ஆகிய வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதில் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என 2014 மார்ச் மாதம் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. பின்னர் அச்சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று நீக்கிய பின்னரே நன்கொடையாளர் விவரங்கள் வெளிவந்தன. மறைத்தல் விதியாக இருக்கும்போது ஐயம் அதன் இயல்பான விளைவாகின்றது.

பரந்தூர் இதற்கு அருகிலுள்ள சான்று. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடினர். கிராமசபையில் தீர்மானங்கள் நிறைவேற்றினர். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தனர். எண்வழிச்சாலையை எதிர்க்கட்சியாக இருந்து எதிர்த்த தி.மு.க., ஆட்சியில் இத்திட்டத்தை முன்னெடுத்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்காக நீர்நிலைகள் அடங்கிய நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் விவாதமின்றி நிறைவேறியது. எனவே, இந்த ஐயம் ஒரு கட்சியின் மீதானது அன்று. ஊரின் தீர்மானம் ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தாத அமைப்பின் மீதானது.

ஐயம் பிறழும் இடம்

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, அதற்கு எதிரான செய்திகள் வாட்சப்பில் பரவின. பெற்றோர் தயங்கியதால் இயக்கத்தின் காலவரம்பு நீட்டிக்கப்பட்டது. மருந்து நிறுவனங்களின் இலாபநோக்கம் பற்றிய வினா நியாயமானது. அவ்வினாவிலிருந்து, தடுப்பூசி குழந்தைகளைக் கெடுக்கவே வந்தது என்னும் முடிவுக்குத் தாவுவதில் ஆராய்ச்சி இல்லை. நிலச்சிக்கலில் உழவரைக் காத்த அதே சொல்லாட்சி இங்கு அவர்தம் குழந்தையை நோய்க்கு ஆளாக்கக் கூடியதாகின்றது.

இவ்விரண்டையும் பிரிக்க மூன்று வினாக்கள் போதுமானவை. குற்றச்சாட்டு பொறுப்புடைய அலுவலரையோ ஆணையையோ சுட்டுகின்றதா? அதற்கான சான்றைப் பார்வையாளர் தாமே சரிபார்க்க இயலுமா? எது வெளிப்பட்டால் ஐயம் நீங்கும் என்று பேசுபவர் சொல்கின்றாரா? வருவாய் ஆவண மாற்றம் பற்றிய குற்றச்சாட்டு மூன்றிலும் தேறும். தடுப்பூசி வதந்தி மூன்றிலும் தவறும். குறிப்பாக, மறுப்பே சதிக்குச் சான்றாகக் கொள்ளப்படுவதால் அது எந்நிலையிலும் நீங்காத ஐயமாகின்றது.

மாற்று ஊடகத்தின் கணக்கு

ஹெர்மன், சோம்ஸ்கி ஆகியோர் 1988-இல் முன்வைத்த பரப்புரை மாதிரி, உடைமை, விளம்பரம் முதலிய வடிகட்டிகள் பேரூடகத்தின் செய்தியை வடிவமைப்பதாக விளக்கியது. அவ்வடிகட்டிகளுக்கு மாற்று ஊடகமும் விலக்கன்று. யூடியூபில் இயங்குவோரின் வருவாய் விளம்பரத்தையும், அவர்தம் வீச்சு ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பரிந்துரை முறையையும் சார்ந்தவை. பெருநிறுவனத்தை எதிர்க்கும் குரல் பெருநிறுவனத்தின் மேடையில் நின்றே ஒலிக்கின்றது. அம்மேடையில் நிதானமான ஆவண விளக்கத்தைவிடச் சினமூட்டும் தலைப்புக்கே மிகுந்த பார்வை கிட்டுவதால், ஐயம் சரக்காக மாறும் இடர் உள்ளது.

அரசின் தலையீடு மற்றொரு பக்கம். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. அச்சித்திரத்தை நீக்கும் நிபந்தனையுடன் மார்ச்சில் உயர்நீதிமன்றம் அதனை விடுவித்தது. நெடுங்கால நிறுவனத்துக்கே இந்நிலை எனில், தனியொருவர் நடத்தும் அலைவரிசையின் நிலை வெளிப்படை. இவ்வச்சுறுத்தல் இருப்பினும், வருவாய் மூலத்தை வெளியிடுதலும், பிழை நேர்ந்தால் அதே இடத்தில் திருத்தம் சொல்லுதலும் மாற்று ஊடகத்துக்கு இயலாதவையல்ல.

முடிவுரை

அதிகாரத்தின் மீதான நம்பிக்கையின்மையை முற்றாக ஏற்பதும் முற்றாகத் தள்ளுவதும் ஆய்வாகா. எண்வழிச்சாலை, தூத்துக்குடி, நன்கொடைச் சட்டத் திருத்தம் ஆகியவை ஐயத்தின் நியாயத்தைக் காட்டுகின்றன. தடுப்பூசி வதந்தி அதன் பிறழ்வைக் காட்டுகின்றது. சான்றோடு கேட்கப்பட்ட ஐயமே நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் நிலைபெற்றது என்பது இவற்றால் தெளிவாகின்றது. கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்கு ஆகார் என்னும் உத்திரமேரூர் விதி ஆள்வோருக்கு உரியது. அவ்விதியை ஆள்வோரிடம் வலியுறுத்தும் குரல்கள் தமக்கும் அதனைப் பொருத்திக்கொள்ளும்போதுதான், மானாம்பதி உழவரின் கைப்பேசிக்கு வரும் அடுத்த காணொலி அவர் நிலத்துக்குக் காவலாக அமையும்.